பெயரும் வேரும்

திருமுழுக்குச் சடங்கில் குரு பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வி, குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறார்கள் என்பதே. திருச்சபையிடம் எதை வேண்டி வந்திருக்கிறார்கள் என்னும் கேள்விகூட அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிவிட்டதால், விடை வருமுன்னரே அடுத்த வரிக்குக் கண் தாவிவிடுவது நமக்கு இயல்பாகிவிட்டது. அந்தப் பழக்கத்தைச் சென்ற சாரல் காலத்தில் ஒரு குடும்பம் கலைத்துவிட்டது.

குற்றாலத்து அருவிகளில் நீர் பெருகியிருந்த நாள்கள் அவை. தென்காசியில் உள்ள நம் பங்கு இல்லத்துக்குக் கைக்குழந்தையோடு ஓர் இளந்தாயும், அவர் கணவரும், கணவரின் தாயாரும் வந்தனர். விண்ணப்பத்தில் குழந்தையின் பெயர் ‘ஹானா’ என்று எழுதப்பட்டிருந்தது. கொரிய மொழிப் பெயர் என்றார் தாய். கணவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியத் தொழிற்சாலையில் பணியாற்றுபவர். மூத்தவரின் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை.

“சாமி, எம் பேரு அன்னம்மா. தலைச்சன் பேத்திக்கு எம் பேர வைக்கிறதுதான மொற? இது எந்த ஊருப் பேரோ! நம்ம வேதத்துல இப்படி ஒரு பேரு உண்டுமா?” என்று கேட்டார்.

வெளியே இன்னும் சிலர் காத்திருந்தனர். நாம் சற்றும் தயங்கவில்லை. “கவலப்படாதீங்கம்மா. ஹானான்னா அன்னாதான். விவிலியத்துல சாமுவேலோட தாய் பேரு. அன்னம்மாவும் அதே பேருதான். உங்க பேரத்தான் வச்சிருக்காங்க” என்றோம். மூதாட்டியின் முகம் மலர்ந்தது. இளந்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்து அமைதியாகிவிட்டார். மூவரும் வணங்கி விடைபெற்றனர்.

அன்று மாலை விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த இளந்தாயின் மூடிய வாய் நம் நினைவுக்கு வந்தது. நாம் சொன்னது உண்மைதானா? ஒரு முதியவரின் மனம் குளிர ஒரு சொல்லைச் சற்று வளைத்ததில் குற்றம் உண்டா?

பெயரைப் பற்றிய உண்மை இதுதான். சாமுவேலின் தாயாகிய அன்னாவின் பெயர் எபிரேயத்தில் ‘ஹன்னா’. அதற்கு ‘அருள்’ என்பது பொருள். கொரிய மொழியில் ‘ஹானா’ என்பது ‘ஒன்று’ என்னும் எண்ணைக் குறிக்கும் சொல். ஜப்பானியத்தில் அதே ஒலிக்குப் ‘பூ’ என்று பொருள். இச்சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. மனித நாவு எழுப்பக்கூடிய எளிய ஒலிகள் சிலவே; சொல்ல வேண்டிய பொருள்களோ எண்ணற்றவை. எனவே தொலைதூர மொழிகளில் ஒரே ஒலி வந்து அமைவதில் வியப்பில்லை. அந்த ஒற்றுமையை நாம் உறவு என்று சொல்லிவிட்டோம்.

மூதாட்டியின் வருத்தம் சிறியதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. ‘பேத்தி’ என்பது ‘பெயர்த்தி’. பாட்டனின் பெயரை, பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பதே அவ்வுறவுச் சொற்களின் பொருள். தம் பெயரைத் தாங்காத பேத்தி என்பது தமிழ்ப் பாட்டிக்குச் சொல்லளவிலேயே ஒரு முரண். கொரியாவிலோ மரபு நேர்மாறானது. அங்கே முன்னோரின் பெயரைக் குழந்தைக்கு இடுவது அவர்களை அவமதிப்பதாகக் கருதப்பட்டு வந்தது. முன்னோரைப் போற்றுவதில் இரு மக்களும் ஒன்றுபடுகின்றனர். ஒருவர் பெயரை எடுத்துப் போற்றுகின்றனர், மற்றவர் எடுக்காமல் போற்றுகின்றனர். இதனை அந்த மூதாட்டிக்குச் சொல்லியிருக்கலாம். நாம் குறுக்கு வழியில் சென்றோம்.

கொரியப் பெயர்களைப் பற்றி அதன்பின் சற்றுப் படித்தோம். அங்கே பெயர் பெரும்பாலும் மூன்று அசைகள் கொண்டது. குடும்பப் பெயர் முதலில் ஓரசையாக வரும். சொந்தப் பெயர் அதன்பின் ஈரசையாக வரும். ஐவரில் ஒருவருக்குக் ‘கிம்’ என்பதே குடும்பப் பெயர். பொன்னைக் குறிக்கும் எழுத்தால் அதனை எழுதுவர். சொந்தப் பெயரையும் சீன எழுத்துகளால் அமைப்பதே நெடுநாள் வழக்கம். ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் வேறு. எனவே பெயரைக் காதால் கேட்பவர் அதன் பொருளைத் துணிந்து கூற இயலாது. எந்த எழுத்தை எண்ணி இட்டீர்கள் என்று பெற்றோரைத்தான் கேட்க வேண்டும். ‘ஹானா’ போன்ற தனிக் கொரியச் சொற்களைப் பெயராக இடுவது அண்மைத் தலைமுறைகளில் பரவிய வழக்கம்.

நம் தென்காசித் தெருக்களில் அன்றாடம் வழங்கும் பெயர்கள் சிலவும் அம்மொழியைச் சார்ந்தவையே. ‘ஹூண்டாய்’ என்றால் இக்காலம், நவீனம் என்று பொருள். ‘சாம்சங்’ என்றால் மூன்று விண்மீன்கள். பொருள் அறியாமலேயே அவற்றை நாளும் உச்சரிக்கிறோம்.

பெயரின் பொருள் அதனை இட்டவரின் உள்ளத்தில் இருக்கிறது. அவரைக் கேட்காமல் நாமே பொருள் கூறுவது, பிறர் வீட்டுப் பெட்டியை உடைக்காமலேயே அதனுள் இருப்பது இன்னதென்று சான்று சொல்வதற்கு ஒப்பாகும். எட்டாம் கட்டளை பொய்ச்சான்றைத் தடுக்கிறது. பொய்ச்சான்று எப்போதும் பகைமையால் விளைவதில்லை. அன்பினாலும் விளையும், அவசரத்தாலும் விளையும். நாம் செய்தது அதுவே.

இது ஒரு பங்கு இல்லத்தில் நிகழ்ந்த சிறு செய்தி என்று விட்டுவிட முடியவில்லை. ஏனெனில், இதே தவற்றை ஓர் இனமாக நாம் பெரிய அளவில் செய்து வருகிறோமோ என்ற ஐயம் எழுகிறது. அதற்கும் ஒரு கொரியப் பெயரே எடுத்துக்காட்டு.

கொரியாவின் பழங்கதைகளைத் தொகுத்து, 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி ‘சம்குக் யூசா’ என்ற நூலை உருவாக்கினார். அதில், கி.பி. 48-இல் ‘ஆயுத்தா’ என்னும் நாட்டிலிருந்து 16 வயது இளவரசி ஒருத்தி கப்பலேறி வந்து, காயா நாட்டு மன்னர் சுரோவை மணந்தாள் என்ற செய்தி உள்ளது. அவள் பெயர் ஹியோ ஹுவாங் ஓக். தென்கொரியாவில் கிம்ஹே நகரில் அவளது கல்லறை என்று போற்றப்படும் இடம் உண்டு. கிம்ஹே கிம் குலத்தாரும் கிம்ஹே ஹியோ குலத்தாரும் தங்களை அவ்விருவரின் வழித்தோன்றல்கள் என்று கொள்வர். அதனால் தங்களுக்குள் மணவுறவு கொள்ளாதிருப்பது அவர்களது மரபு. ஆயுத்தா என்பது அயோத்தி என்று கொண்டு, 2001-இல் அயோத்தியில் அவளுக்கு ஒரு நினைவிடமும் எழுப்பப்பட்டது.

தமிழார்வலர் சிலரோ, ஆயுத்தா என்பது நம் ஆய் நாடே என்றும், அவளது இயற்பெயர் ‘செம்பவளம்’ என்றும் கூறுகின்றனர். ஆய் நாடு நமக்குத் தொலைவில் இல்லை. பொதியில் மலைக்குரிய ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. தென்காசிக்கு அருகில் ஆய்க்குடி என்ற ஊரே இருக்கிறது. நம் பங்கின் இளைஞர்கள் இக்கதையைக் கைப்பேசியில் கண்டு, “ஃபாதர், கொரியாவுக்கே ராணி நம்ம ஊருப் பொண்ணாமே!” என்று பூரித்தபோது நாமும் உள்ளூர மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

ஆயினும் அந்தப் பெயரையே கேட்டுப் பார்ப்போம். ‘ஹுவாங்’ என்றால் மஞ்சள். ‘ஓக்’ என்றால் ஜேடு எனப்படும் மணிக்கல். அவள் பெயரின் பொருள் மஞ்சள் மணிக்கல் என்பதாகும். செம்பவளமோ சிவப்பு; அது கடலில் விளைவது. நிறமும் பொருந்தவில்லை, பொருளும் பொருந்தவில்லை. இர்யோன் பயன்படுத்திய பழைய ஏடும் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததே. அதாவது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது. ஆயுத்தா என்ற பெயரே பிற்காலத்துப் பௌத்த மரபினர் சேர்த்தது என்று கருதும் வரலாற்றறிஞரும் உளர். அந்த அரசி எங்கிருந்து வந்தாள் என்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாத நிலையில், அவள் நம்மவளே என்று சாதிப்பது எதனால்? அவள்மீது கொண்ட அன்பாலா, நம்மீது கொண்ட அன்பாலா?

கொரியாவில் தாயை ‘ஓம்மா’ என்றும் தந்தையை ‘அப்பா’ என்றும் அழைப்பதைச் சான்றாகக் காட்டுவர். 1905-இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மறைப்பணியாளர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணம் வெளியிட்டார். இன்றைய மொழியியலார் அக்கருத்தை ஏற்பதில்லை. குழந்தையின் உதடுகளுக்கு முதலில் எளிதாக வருவன ம, ப என்னும் ஒலிகளே. அதனால் உலகின் பல மொழிகளில் பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் இவ்வாறே அமைந்துள்ளன. நம் ஆண்டவர் கெத்சமனியில் தந்தையை அழைத்த அரமேயச் சொல்லும் ‘அப்பா’ என்பதே. தமிழரும் அரமேயரும் கொரியரும் ஒரே மொழிக் குடும்பத்தினர் என்பதற்கு இது சான்றன்று. ஆனால் பேசத் தெரியாப் பருவத்தில் எல்லா மக்களும் ஒரே நிலையில்தான் தந்தையை நோக்கி வாய் திறக்கிறோம் என்பதற்கு இது சான்று. தூய ஆவியாரே நம்முள் அந்தச் சொல்லை எழுப்புகிறார் என்று புனித பவுல் எழுதும்போது, நம் உறவின் வேர் எங்கே என்பதைக் காட்டிவிடுகிறார். அந்த உறவுக்கு இலக்கணச் சான்று தேவையில்லை. எனவே பொய்ச்சான்றும் தேவையில்லை.

இங்கே விவிலியம் கற்றோர் ஒரு தடை எழுப்பலாம். விவிலியமே பெயர்களுக்கு ஒலி ஒற்றுமையால் பொருள் கூறவில்லையா? ஆம், கூறுகிறது. ஆண்டவரிடம் கேட்டுப் பெற்றதால் மகனுக்குச் சாமுவேல் என்று அன்னா பெயரிட்டார் என்று வாசிக்கிறோம். ‘கேட்கப்பட்டவர்’ என்ற பொருள் எபிரேயத்தில் சவுல் என்ற பெயருக்கே நேராகப் பொருந்தும். சாமுவேலில் இறைவனின் பெயர் பொதிந்துள்ளது என்பர் அறிஞர். பாபேல் என்பதற்குக் ‘குழப்பம்’ என்று தொடக்கநூல் பொருள் காண்கிறது. பாபிலோனியரோ அதனைக் ‘கடவுளின் வாயில்’ என்று கொண்டனர். அப்படியானால் திருநூலாசிரியரும் நாமும் ஒன்றையே செய்தோமா?

இல்லை என்றே எண்ணுகிறோம். அன்னா அகராதி எழுத அமரவில்லை. தமக்கு இறைவன் செய்ததை அறிக்கையிட்டார். அப்பெயரை இட்டவரும் அவரே. தம் கண்ணீருக்கு விடையாக வந்த குழந்தையின் பெயரில் தம் நன்றியை அவர் கேட்டார். நாமோ வேறொருவர் இட்ட பெயருக்கு, அவரைக் கேளாமலேயே, நமக்கு வசதியான பொருளை ஏற்றினோம். முன்னது நன்றி, பின்னது ஒருவகைப் பறிப்பு.

பெயரைப் பறிப்பது எத்துணைக் கொடிது என்பதைக் கொரியர் அறிவர். அவர்களை ஆண்ட ஜப்பானியர் 1940-இல் ஜப்பானிய முறைப்படி குடும்பப் பெயர்களை மாற்றிக்கொள்ளும்படி அவர்களை நெருக்கினர். மக்களுள் பெரும்பாலோர் பணிய வேண்டியதாயிற்று. விடுதலைக்குப் பின் 1946-இல்தான் பழைய பெயர்கள் சட்டப்படி மீண்டன. வாளேந்தி வருபவர் மட்டுமே பெயரைப் பறிப்பதில்லை. சிரித்த முகத்தோடு, “இது எங்கள் பெயர்தான்” என்று அணைத்துக்கொள்பவரும் அதனைப் பறிக்கக்கூடும். அந்த இளந்தாயிடமிருந்து நாம் அப்படித்தான் ஒரு பெயரை வாங்கிவிட்டோம்.

நம் வட்டாரத்துப் பெயர்களே நமக்கு நல்ல பாடம் கூறுகின்றன. குற்றாலத்தை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்பத் திரித்து எழுதினர். அந்த எழுத்தைப் படிக்கும் வெளியூரார், அருவிக்கும் கோர்ட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும்படி ஆயிற்று. ஒலி எவ்வளவு எளிதில் ஏமாற்றுகிறது, பாருங்கள்! தென்காசியோ வேறு வகை. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் இங்கே விசுவநாதருக்குக் கோயில் எடுத்தார். இவ்வூர் தன்னைக் காசி என்று சொல்லிக்கொள்ளவில்லை. தெற்கே உள்ள காசி என்று சொல்லிக்கொள்கிறது. முதற்காசி வேறெங்கோ கங்கைக் கரையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் இப்பெயர் ஒப்புக்கொள்கிறது. கடன்பட்டதை மறைக்காத பெயர் இது. அதனால் இதன் பெருமை குறைந்ததா என்ன?

நம் விசுவாச முன்னோரும் இந்த நேர்மையோடுதான் பெயர்களைக் கையாண்டனர். யோவான் என்ற பெயரில் ஆண்டவரின் அருள் என்னும் பொருள் இருப்பதை அறிந்து ‘அருளப்பர்’ என்றனர். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர் என்று அறிந்து ‘சின்னப்பர்’ என்றனர். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று லாசர் ஆனார். அப்பெயரின் எபிரேய மூலமாகிய எலயாசருக்குக் ‘கடவுள் துணைநின்றார்’ என்று பொருள். அதனைத் தமிழாக்கித் ‘தேவசகாயம்’ என்றனர். அவர்கள் எபிரேயத்தைத் தமிழ் என்று சாதிக்கவில்லை. வேரை ஆய்ந்தறிந்து, அதன் கனியை நம் நாவுக்குத் தந்தனர். அந்த மறைசாட்சியின் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த சாதிப் பட்டம், 2022 மே 15-ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்படுவதற்கு முன் நீக்கப்பட்டது. திருமுழுக்கின் பெயருக்குப் பொருந்தாத ஒட்டு அது. பெயரில் படிந்த பொய்யைத் திருச்சபையும் காலந்தாழ்ந்தேனும் திருத்திக்கொள்கிறது.

இனி, கொரியப் பெயரை ஒரு கத்தோலிக்கக் குழந்தைக்கு இடலாமா? 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், கிறிஸ்தவப் பெயர் இடப்படுமாறு குரு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பெற்றோர் இணங்காவிடில், புனிதர் ஒருவரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 855-ஆம் எண், கிறிஸ்தவ உணர்வுக்கு அயலான பெயர் இடப்படாதவாறு பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனமாய் இருக்கக் கேட்கிறது. அயல்மொழிப் பெயரை அது தடுக்கவில்லை. அப்படித் தடுத்தால் அந்தோணியும் சவேரியாரும் நம்மிடையே எப்படி வாழ்வர்?

மேலும், கொரியா நம் திருச்சபைக்கு அயல்நாடன்று. அங்கே விசுவாசத்தை முதலில் நட்டவர்கள் பொதுநிலையினரே. 1784-இல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பிய யி சுங் ஹுன் தம் நண்பர்களுக்குத் திருமுழுக்கு அளித்ததில் அத்திருச்சபை தொடங்கியது. 1984 மே 6-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சியோல் நகரில் 103 மறைசாட்சியரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களுள் ஒருவர் பாக் ஆகி அன்னா. ‘ஆகி’ என்றால் கொரிய மொழியில் பச்சிளங்குழந்தை. பெண்களுக்குத் தனிப்பெயர் இடுவதைப் பொருட்படுத்தாத அக்காலத்தில், வளர்ந்த பின்னும் ‘குழந்தை’ என்றே வழங்கப்பட்ட ஓர் எளிய பெண். மறைக்கல்வியை மனத்தில் இருத்த அவரால் இயலவில்லை; அறிய முடியாவிட்டாலும் இறைவனை முழு உள்ளத்தோடு அன்பு செய்வதே தம் வழி என்று கொண்டவர். உடன் பிடிபட்ட கணவரும் மகனும் விசுவாசத்தை மறுத்து விடுதலை பெற்று, அவரையும் இணங்கச் சொல்லி மன்றாடினர். அவர் இணங்கவில்லை. 1839 மே 24-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு உயிர் துறந்தார். உலகம் அவருக்கு ஒரு பெயரைக்கூட ஒழுங்காகத் தரவில்லை. திருமுழுக்கு அவருக்கு ‘அருள்’ என்ற பெயரைத் தந்தது.

இவ்வளவும் தெரிந்த பின் சும்மா இருக்க இயலுமா? அக்குடும்பத்தின் இல்லத்துக்குச் சென்றோம். அந்த இளந்தாயிடம், அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம்: “ஏம்மா, இந்தப் பேர ஏன் தேர்ந்தெடுத்தீங்க?”

அவர் கணவரைப் பார்த்தார். பின் மெல்லச் சொன்னார். “எட்டு வருசமாச்சு ஃபாதர். இனிமே ஒண்ணுதான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அவுங்க கம்பெனியில ஹானான்னா ஒண்ணுன்னு சொன்னாங்களாம். அதான்.”

எட்டு ஆண்டுகள் கண்ணீரோடு காத்திருந்து ஒன்றைப் பெற்ற தாய்! சீலோவில் உதடுகள் மட்டும் அசைய வேண்டிநின்ற அன்னாவை நாம் எபிரேய ஒலியில் தேடினோம். அவரோ வாய் மூடி நம் முன்னே அமர்ந்திருந்தார். ஏலி என்ற குரு அன்று அன்னாவின் உதடுகளைத் தவறாகப் படித்தார். நாமும் அவ்வாறே படித்தோம்.

மூதாட்டியிடமும் உண்மையைக் கூறினோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. “அப்ப இது எம் பேரு இல்லையா சாமி?” என்றார். இல்லை என்றோம். அன்னா என்ற கொரியப் புனிதையைப் பற்றிச் சொன்னோம். கேட்டு முடித்தபின் குழந்தையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணுன்னா சரிதான். எட்டு வருசம் நானுந்தான சாமி கும்பிட்டேன்” என்றவர், நம்மை நிமிர்ந்து பார்த்து, “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார்.

சொல்லியிருக்கலாம். உண்மையைத் தாங்க அவரால் முடியாது என்று நாம்தான் முடிவு செய்துவிட்டோம். பொய்யால் ஆறுதல் தருபவர், எதிரே இருப்பவரை எளியவர் என்று எண்ணிவிடுகிறார். அதுவே அப்பொய்யின் பெருங்குற்றம்.

திருமுழுக்குப் பதிவேட்டில் இன்று ‘ஹானா அன்னம்மாள்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் இரு பெயர்கள். இரண்டுக்கும் வேர் வேறு. அவை அடுத்தடுத்து நிற்பதற்கு ஒரே வேரிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. ஒரு குழந்தையை இருவர் அன்பு செய்தார்கள் என்பது போதும். வெற்றி பெறுவோருக்கு வெண்ணிறக் கல்லில் புதுப்பெயர் எழுதித் தரப்படும் என்றும், அதனைப் பெறுபவரன்றி வேறெவரும் அறியார் என்றும் திருவெளிப்பாடு கூறுகிறது. நம் பெயரின் முழுப்பொருளை அறிந்தவர் இறைவன் ஒருவரே. அதுவரை, பிறர் பெயரைக் கேட்கும்போது விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமையை அவரிடம் வேண்டுவோம்.